பாஸ்போர்ட் அவர் பையில், பயிற்சி நம் கையில்

2023 மே 6ஆம் தேதி கியூபாவின் தலைநகர் ஹவானாவில் பிரவீன் சித்திரவேல் 17.37 மீட்டர் தாண்டினார். மும்முறைத் தாண்டலில் அது தேசிய சாதனை. 2016 முதல் ரஞ்சித் மகேஸ்வரியின் பேரில் இருந்த 17.30 மீட்டர் அன்றோடு பின்னுக்குப் போனது. பிரவீன் எங்கள் பக்கத்துப் பிள்ளை. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம், விவசாயக் கூலிக் குடும்பம். செய்தி வந்தபோது ஒரத்தநாடு கடைத்தெருவில் ஒருவர் என்னை நிறுத்திக் கேட்டார்: “நம்ம ஊருப் புள்ள எதுக்கு சார் கியூபாவுல போயித் தாண்டுது?”

அவருடைய பயிற்சியாளர் கியூபாக்காரர் என்பதுதான் பதில். யோயாந்த்ரி பெட்டான்சோஸ், 2003லும் 2005லும் உலக சாம்பியன்ஷிப்பில் வெள்ளி வென்றவர். கர்நாடகத்தில் பெல்லாரிப் பக்கம் விஜயநகரில் ஜே.எஸ்.டபிள்யூ. குழுமம் நடத்தும் இன்ஸ்பயர் விளையாட்டு நிறுவனம் அவரை வேலைக்கு அழைத்து வந்தது. மன்னார்குடிப் பிள்ளை பெல்லாரிக்குப் போய், அங்கே கியூபாக்காரரிடம் கற்று, அவரோடு கியூபாவுக்கே போய்த் தாண்டி வந்தார். 2025 ஏப்ரலில் கொச்சியில் நடந்த ஃபெடரேஷன் கோப்பையில் அதே 17.37 மீட்டரை மறுபடியும் தொட்டார்.

அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வெளிநாட்டுப் பயிற்சியாளர் என்றாலே முகம் சுளிக்கும் சக ஆசிரியர்களையும் தெரியும். வெள்ளைக்காரர் வந்தால் பதக்கம் கொட்டும் என்று நம்பும் அகாடமிக்காரர்களையும் தெரியும். அழைக்கலாமா, கூடாதா என்று இந்த இரண்டு தரப்பும் அடித்துக்கொள்வதில் அழைப்பவரின் கடமை பற்றிய பேச்சே எழுவதில்லை. வெளிநாட்டவர் ஒருவருக்கு விசா எடுத்துக் கொடுக்க முன்வருபவருக்கு இரண்டு கடன் உண்டு. வந்தவரை மரியாதையாக நடத்துவது ஒன்று. அவர் திரும்பிப் போகும்போது அவருடைய வித்தை இந்த மண்ணில் தங்கும்படி பார்த்துக்கொள்வது மற்றது. இரண்டையும் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

முதலில் வித்தையைப் பார்ப்போம். மும்முறைத் தாண்டலை வெளியிலிருந்து பார்த்தால் ஓடி வந்து மூன்று தரம் குதிப்பதாகத்தான் தெரியும். பலகையை மிதித்த காலிலேயே முதலில் இறங்க வேண்டும், அடுத்தது மறுகால், அப்புறம் மணல். நம் பள்ளிப் போட்டிகளில் பையன்கள் முதல் தாண்டலிலேயே முழுப் பலத்தையும் போட்டு உயரே எழும்புவார்கள். இறங்கும்போது உடம்பு எடையைப்போலப் பல மடங்கு பாரம் ஒற்றைக் காலில் விழும். முட்டி மடங்கும், வேகம் அங்கேயே செத்துவிடும், நடுத் தாண்டல் ஒரு சின்ன எட்டாகச் சுருங்கிவிடும். முதல் தாண்டலைத் தாழ்வாகவும் நீளமாகவும் எடுத்து, வேகத்தை மூன்றுக்கும் பங்குபோட வேண்டும். இது புத்தகத்தில் இருக்கிறது. இந்தப் பையன் இன்றைக்கு எவ்வளவு தாழ்த்த வேண்டும், நேற்றைய வலிக்கு இன்றைக்கு எத்தனை தாண்டலோடு நிறுத்த வேண்டும் என்பது புத்தகத்தில் இல்லை. தானே அந்த உயரத்தில் தாண்டியவருக்கும், அப்படித் தாண்டியவர்களைப் பல வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவருக்கும்தான் அந்தக் கண் வாய்க்கிறது. கியூபாவில் அப்படிப்பட்ட கண்கள் நிறைய. நம்மிடம் குறைவு. இதை ஒப்புக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

திருவாரூர் மாவட்டத்தின் இன்னொரு பிள்ளை ராஜேஷ் ரமேஷ். திருச்சி ரயில் நிலையத்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். 2023 ஆகஸ்டில் புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப்பில் 4x400 மீட்டர் தொடரோட்டத் தகுதிச் சுற்றில் இந்திய அணி 2 நிமிடம் 59.05 விநாடியில் ஓடி ஆசிய சாதனை படைத்ததே, அதில் அமெரிக்க வீரரை விடாமல் துரத்திய கடைசி ஓட்டக்காரர் அவர்தான். அந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் ஜேசன் டாசன், ஜமைக்காக்காரர். அடுத்த சில வாரங்களில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அதே நால்வரும் தங்கம் வென்றார்கள். ஆடவர் 4x400இல் 1962க்குப் பிறகு இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம்.

ஆனால் இரண்டு பிள்ளைகளையும் முதலில் கண்டெடுத்தவர் ஒருவர் உள்ளூரில் இருந்திருப்பார். காலையில் விசில் ஊதி, சொந்தக் காசில் வாழைப்பழமும் அவித்த முட்டையும் வாங்கிக் கொடுக்கும் ஒருவர். நான் வேலை பார்த்த பள்ளியில் ஐப்பசி, கார்த்திகையில் தாண்டு குழிக்குள் தவளை கத்தும். தை, மாசியில் மைதானத்தில் பாதி நெல் காயும். கொள்முதல் நிலையத்தில் மூட்டை தேங்கினால் மீதிப் பாதியும் போகும். நடுவில் கிடைக்கிற மாதங்களில்தான் பையன்களைத் தேற்ற வேண்டும். அந்த வேலைக்கு ஜமைக்காவிலிருந்து ஆள் வரமாட்டார். வரவும் வேண்டாம்.

இனி விசாவுக்கு வருவோம். இந்திய அரசின் வேலை விசா விதிப்படி, தேசிய, மாநில அணிகளுக்கோ பெயர்பெற்ற விளையாட்டுக் கழகங்களுக்கோ பயிற்சியாளராக வருபவர்களும், குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தமாகும் வீரர்களும் அந்த விசா பெறலாம். பொதுவாக ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சம் ரூபாய்க்குக் குறையக்கூடாது. தகுதியான இந்தியர்கள் தாராளமாகக் கிடைக்கிற வேலைக்கு விசா இல்லை. 180 நாளுக்கு மேல் தங்குகிறவர் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: அந்த விசா அழைத்த நிறுவனத்தோடு கட்டப்பட்டது. இங்கே இருந்துகொண்டே வேறு நிறுவனத்துக்கு மாற சாதாரணமாக அனுமதி கிடையாது. வேலை போனால் விசாவும் போச்சு.

இந்தக் கட்டு எப்படிப்பட்டது என்று டெல்டாக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடி, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் என்று எந்தப் பக்கம் போனாலும், சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ ஆள் அனுப்பாத தெரு இல்லை. ஏஜென்டுக்குக் கட்டிய பணம், அடகு வைத்த நகை, இக்காமா என்னும் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்காமல் இழுத்தடித்த கம்பெனி எல்லாம் எங்கள் திண்ணைப் பேச்சு. என் மைத்துனர் சவூதிக்குக் கட்டட வேலைக்குப் போனார். இறங்கிய அன்றே பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். அவருடைய அம்மா இறந்தபோது, “ஆள் குறைச்சலா இருக்கு, அடுத்த வாரம் பார்ப்போம்” என்று சொல்லியிருக்கிறார் மேஸ்திரி. பெற்ற பிள்ளை கொள்ளி போட வரவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்.

விளையாட்டு வீரர் என்றால் மட்டும் விதி மாறிவிடாது. ஜாஹிர் பெலூனிஸ் என்ற பிரெஞ்சுக் கால்பந்து வீரர் கத்தாரில் ஒரு கிளப்புக்கு ஆடினார். சம்பளத் தகராறு வந்தது. நாட்டைவிட்டு வெளியேற கிளப் அனுமதிக் கடிதம் தரவில்லை. மனைவி, குழந்தைகளோடு அங்கேயே மாட்டிக்கொண்டவரால் 2013 நவம்பர் கடைசியில்தான் வெளியேற முடிந்தது. உலகப் பத்திரிகைகள் எழுதிய பிறகு கிடைத்த விடுதலை அது.

நம் ஊரில் அப்படி நடக்காது என்று சொல்லிவிட முடியுமா? சில வருஷங்களுக்கு முன் எங்கள் பக்கத்தில் திருவிழாவை ஒட்டி நடந்த எழுவர் கால்பந்துப் போட்டிக்கு ஓர் அணி ஆப்பிரிக்க மாணவர் ஒருவரைக் கூட்டி வந்தது. பெங்களூரில் படிக்க வந்தவர். மாட்ச்சுக்கு இவ்வளவு என்று பேச்சு; காகிதம் எதுவும் இல்லை. முதல் நாள் அவருக்காகவே கூட்டம் கூடியது. அரையிறுதியில் முட்டி பிசகிக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டார். ஐஸ்கட்டிக்கு ஆள் அனுப்பி, பெட்டிக்கடை சோடா பாட்டிலை வைத்து ஒத்தடம் கொடுத்தோம். ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார் மருத்துவர். கூட்டி வந்தவரின் போன் அணைந்திருந்தது. புகார் கொடுக்கலாம் என்று ஒரு பையன் சொன்னதும் அந்த மாணவர் பயந்துவிட்டார். படிப்பு விசாவில் காசுக்கு ஆடியது வெளியே தெரிந்தால் அனுப்பிவிடுவார்களே. மைதானத்தில் துண்டு ஏந்தி வசூல் செய்து பஸ் ஏற்றிவிட்டோம். மலப்புறம் பக்கத்து ‘செவன்ஸ்’ ஆட்டத்தில் ஆப்பிரிக்க வீரர்கள் பல காலமாக ஆடுகிறார்கள். அவர்கள் கதையை 2018இல் மலையாளிகள் ‘சூடானி ஃப்ரம் நைஜீரியா’ என்று படமாகவே எடுத்துவிட்டார்கள். நம்மிடம் படமும் இல்லை, பேச்சும் இல்லை.

பெரிய இடங்களிலும் நிலவரம் சுத்தமாக இல்லை. ஈட்டியை 104.80 மீட்டர் எறிந்த ஜெர்மனியின் உவே ஹோன் இங்கே தலைமைப் பயிற்சியாளராக இருந்தபோது, தன்னை மிரட்டி ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியதாக 2021இல் வெளிப்படையாகவே குற்றம்சாட்டினார். அவருடைய வேலையில் திருப்தி இல்லை என்றது தடகளச் சம்மேளனம். அந்த ஆண்டே பிரிந்தார்கள். கால்பந்தில் குரோஷியாவின் இகோர் ஸ்டிமாச் 2019இல் வந்தார்; உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியா வெளியேறியதும் 2024 ஜூனில் நீக்கப்பட்டார். ஒப்பந்தக் காலம் பாக்கி இருந்ததால் 4 லட்சம் டாலர் கொடுத்துத் தகராறைத் தீர்த்துக்கொண்டது கால்பந்துச் சம்மேளனம். யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. எதற்காக அழைக்கிறோம், எதை வைத்து அளப்போம், ஒத்துவராவிட்டால் எப்படிப் பிரிவோம் என்பதை முதல் நாளே எழுதாவிட்டால் இரண்டு பக்கமும் கசப்பும் செலவும்தான் மிஞ்சும்.

முறையாக அழைத்தால் என்ன கிடைக்கும் என்று பார்க்க ஈரானைப் பாருங்கள். கபடி நம் ஆட்டம். எங்கள் பக்கத்து வடுவூரில் பிள்ளை நடக்கும்போதே பாடிக்கொண்டு போகும் என்பார்கள். ஆனால் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஈரான் பெண்கள் இறுதி ஆட்டத்தில் இந்தியாவை 27-24 என்று வீழ்த்தித் தங்கம் எடுத்தார்கள். அவர்களுடைய பயிற்சியாளர் நாசிக்கைச் சேர்ந்த சைலஜா ஜெயின். இந்திய அணிக்குப் பயிற்சி கொடுக்கும் வாய்ப்பு வராதபோது ஈரான் அழைத்தது, போனார், பாரசீகம் பழகினார், யோகாவும் மூச்சுப் பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார். அதே போட்டியில் ஆண்கள் அரையிறுதியிலும் ஈரான் 27-18 என்று வென்று, 1990 முதல் இந்தியா விடாமல் வைத்திருந்த தங்கத்தைப் பறித்தது. வித்தையை வாங்குவது என்றால் இதுதான். வந்தவரிடமிருந்து ஊருக்குள் இறங்கியது. புரோ கபடியில் ஃபசல் அத்ராச்சலி, முகமதுரேசா ஷாத்லூயி என்று ஈரான் வீரர்களை நம் அணிகள் கோடிக் கணக்கில் ஏலம் கேட்டிருக்கின்றன. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டின் இறுதி ஆட்டத்தில் நம் பையன்கள் திணறித்தான் ஈரானை வென்றார்கள். அந்த அணியில் ஆடிய அபினேஷ் மோகன்தாஸ் வடுவூர்க்காரர்.

இப்போது, வெளிநாட்டுப் பயிற்சியாளர் வேண்டாம் என்பவர்களின் வாதம். அதில் எனக்கு மிகவும் உறைப்பது பணக் கணக்கு. விசாவுக்குரிய குறைந்தபட்சச் சம்பளமே மாதத்துக்கு 1.35 லட்சத்தைத் தாண்டுகிறது. நம் அரசுப் பள்ளிகளில் 2012இல் 16,549 பகுதி நேர ஆசிரியர்களை 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். உடற்கல்வி ஆசிரியர்களும் அதில் உண்டு. பன்னிரண்டு வருஷம் கழித்து 2024இல் அது 12,500 ரூபாய். “அவர் ஒருத்தருக்குக் கொடுக்கிறதுல எங்கள்ள பத்துப் பேரு பொழச்சிக்குவோமே அண்ணே” என்று என்னிடம் படித்து இப்போது அதே வேலையில் இருக்கும் தம்பி சொன்னான். அவன் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் இதற்கு விடை வெளியாளை நிறுத்துவது அல்ல. அவர் வராவிட்டாலும் அந்தப் பணம் தம்பியின் கைக்கு வரப்போவதில்லை என்பது அவனுக்கும் தெரியும். அவர் வருவதையே சாக்காக வைத்துத் தம்பியை மேலே ஏற்ற வேண்டும். கீழே இருப்பவருக்கு எதுவும் செய்யாமல் மேலே ஒரு கியூபாக்காரரை நிறுத்துவது, வாய்க்காலைத் தூர்வாராமல் ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைத் திறப்பதுதான். தண்ணீர் வரும், கடைமடைக்கு வராது.

ஆகவே என் யோசனை இது. ஒவ்வொரு அகாடமியும் தனித்தனியாக ஆள் கொண்டுவரும் வழி டெல்டாவுக்கு ஒத்துவராது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நான்கு மாவட்டங்களுக்கும் சேர்த்து, தாண்டல் போட்டிகளுக்கு ஒரே ஒரு பயிற்சியாளரைத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் தன் பேரில் அழைக்கட்டும். தஞ்சாவூரில் அன்னை சத்யா விளையாட்டரங்கம் இருக்கிறது. மயிலாடுதுறையில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. புதிதாகக் கட்டடம் வேண்டாம். மழை மாதங்களில் தாண்டவைக்க முடியாது. அந்த மாதங்களை ஆசிரியர்களுக்கு வகுப்பு எடுக்க ஒதுக்கலாம்.

ஒப்பந்தத்தில் அவருக்காக எழுத வேண்டியவை: பாஸ்போர்ட் எப்போதும் அவர் கையில். சம்பளம் மாதத்தின் குறித்த தேதியில். மருத்துவக் காப்பீடு, வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய்வர டிக்கெட், வீட்டில் சாவு, நோய் என்றால் கேட்ட அன்றே விடுப்பு. ஆங்கிலம் வராதவர் என்றால் மொழிபெயர்ப்பாளர் செலவு அழைத்தவருடையது. பிரிவதென்றால் எத்தனை மாத முன்னறிவிப்பு, தகராறு வந்தால் யாரிடம் முறையிடுவது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். 2021 மார்ச்சில் பெலாரஸ் நாட்டுப் பயிற்சியாளர் நிக்கோலாய் ஸ்னேசரெவ் பாட்டியாலா விளையாட்டு விடுதியில் தன் அறையில் இறந்து கிடந்தார், வயது 72. ஒலிம்பிக் முடியும்வரை நம் ஓட்டக்காரர்களோடு இருக்க அப்போதுதான் திரும்பி வந்திருந்தார். தூர தேசத்திலிருந்து வந்து தனி அறையில் தங்கும் முதியவரைத் தினமும் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் வர வேண்டிய விஷயம்தான்.

நமக்காக எழுத வேண்டியவை: அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களில் ஆணும் பெண்ணுமாக இரண்டு பேர், முழுச் சம்பளத்தோடு மாற்றுப் பணியில், முதல் நாள் முதல் கடைசி நாள் வரை அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். கூஜா தூக்க அல்ல. பயிற்சித் திட்டம் போடும் மேசையில் உட்கார. ஒவ்வொரு பிள்ளையின் பயிற்சிக் குறிப்பும் தமிழில் எழுதி ஆணையத்தில் சேர வேண்டும். இரண்டாம் வருஷத்தில் பாதிப் பிள்ளைகளை அந்த இருவரே பழக்க, அவர் மேற்பார்வை பார்க்க வேண்டும். பகுதி நேரத்தில் இருப்பவரையும் இதற்குத் தேர்ந்தெடுக்கலாம். தேறினால் நிரந்தரப் பணி என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அப்போது அந்தத் தம்பியும் விமான நிலையத்துக்கு மாலையோடு போவான்.

தனியார் அணிகளுக்கும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் வெளிநாட்டு வீரரை அழைக்கும் கிளப்புக்கு முதலில் உள்துறையின் ஸ்பான்சர் உரிமம் வேண்டும். அந்த விளையாட்டின் ஆட்சி அமைப்பு வீரருக்குச் சான்று தர வேண்டும். கிளப் கடமை தவறினால் உரிமம் போகும். நம்மிடம் அப்படி ஏற்பாடு இல்லாவிட்டாலும், மாவட்ட விளையாட்டுச் சங்கங்கள் ஒன்றைச் செய்யலாம்: சரியான விசாவும் எழுத்து ஒப்பந்தமும் காட்டாத அணி, வெளிநாட்டவரை இறக்கினால் ஆட்டம் கிடையாது. முட்டி பிசகியவரைத் துண்டு ஏந்தி அனுப்பிவைப்பது விருந்தோம்பல் ஆகாது.

இதற்கெல்லாம் பெரிய சட்டத் திருத்தம் தேவையில்லை. ஓர் அரசாணையும், ஒழுங்காக எழுதிய ஓர் ஒப்பந்தமும், அதைப் படித்துப் பார்க்கும் அதிகாரி ஒருவரும் போதும். மூன்று வருஷம் கழித்து எத்தனை பதக்கம் என்று மட்டும் கேட்காதீர்கள். பதக்கத்துக்குக் காற்றும் அதிர்ஷ்டமும்கூட வேண்டும். வந்தவர் பாக்கியில்லாமல் சம்பளம் வாங்கி, மனம் நிறைந்து போனாரா, அவர் விட்டுப்போன வேலையை மறுநாள் காலையில் தொடர இரண்டு பேர் மைதானத்தில் இருந்தார்களா என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆமாம் என்று சொல்ல முடிகிற அமைப்புக்குத்தான் அடுத்த விசாவுக்குக் கடிதம் எழுதும் உரிமை இருக்க வேண்டும்.